இரண்டு கோடு

நீல்சன் வீதி வீட்டின் நிலக்கீழ் அறைக்கு
தண்ணீர், மின்சாரம், வைஃபை
எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரத்து இருநூறு.
வைஃபை என்றால்
சலவை மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கோடு,
கட்டிலில் ஒன்றுமில்லை,
குளியலறையில், ஏனோ தெரியாது, மூன்று.

நான் உரைபெயர்ப்பாளர்.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
முகம் தெரியாத ஆஸ்பத்திரிகளில்
டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே
குரலாக மட்டும் உட்கார்ந்திருப்பேன்.
நிமிடத்துக்கு எழுபது சதம்.
லைன் அறுந்தால் சதமும் அறும்.

ஒரு மாதம் குளியலறையில் வேலை.
மூடிய கொமட்டின் மேல் தலையணை,
மடியில் லப்டொப்.
உங்கள் குரல் ஏன்
கிணற்றுக்குள் இருந்து வருகிறது
என்று ஒரு தாதி கேட்டாள்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு போனை உயர்த்திப் பிடித்து
தீபம் காட்டுவதுபோல்
மூலைமூலையாகச் சுற்றினேன்.
மாடிப்படியில், ஏழாவது படியில்,
இரண்டு கோடு.
அதற்கு மேல் ஒரு கதவு.
பூட்டு அந்தப் பக்கம்.

றவுட்டர் இருப்பது மேலே, முன்னறையில்,
குகதாசன் அண்ணையின் மீன்தொட்டிக்குப் பின்னால்.
தண்ணீர் அலையைக் குடித்துவிடும் என்று
எங்கோ வாசித்து, போய்ச் சொன்னேன்.
"கொம்பனிக்காரன் வைச்ச இடம் பிள்ளை.
உம்மடை வேலைக்கும் என்ரை மீனுக்கும் என்ன?"
தொட்டிக்குள் ஒரு செம்மஞ்சள் வால்
என் மாதச் சம்பளத்தைக் குறுக்கே கடந்து போனது.

நாற்பத்தொன்பது டொலருக்கு
ஒரு பூஸ்டர் வாங்கிச் செருகினேன்.
நல்ல சாமான்தான்.
இல்லாத சிக்னலை
இன்னும் கொஞ்சத் தூரம் அனுப்பியது.

ஜனவரி. மைனஸ் இருபத்துநான்கு.
விடிகாலை மூன்று மணி, ஏழாவது படி.
எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார்.
எங்கே வலிக்குது ஐயா என்று நான் கேட்டேன்.
"இங்கை" என்றார் அவர்.
இங்கை எண்டால், என்று நான் தொடங்கவும்
கோடு இரண்டும் போனது.

திரும்ப வந்தபோது
அந்த அழைப்பு வேறு யாருடைய கையிலோ.
நான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன்.
விலாவை.
தொப்புளுக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கம்.
இங்கையா. இங்கையா.

அப்போதுதான் கதவு திறந்தது.
பேக்கரி வேலைக்குக் கிளம்பிய தவமலர் அக்கா,
ஒரு கால் பூட்சில், மற்றது காலுறையில்.
விலாவில் கைவைத்தபடி நான்.
"உதிலையோ இருந்து வேலை செய்யிறனி
இவ்வளவு நாளும்?"
பதிலுக்கு நிற்கவில்லை. பஸ் போய்விடும்.

சனிக்கிழமை என் கூரையில் ஒரு தட்டல்.
வெக்கை வரும் துவாரத்தின் மூடி விலகி
நீல வயர் ஒன்று
வாளியில்லாத கயிறாக
ஆடி ஆடி இறங்கியது.
கூடவே வெங்காயம் வதங்கும் வாசம்,
அதற்குப் பின்னால் அவ குரல்:
"இழு! இன்னும் இழு!
அவர் கேட்டா மீன்தொட்டி ஹீட்டர் வயர் எண்டு சொல்லு."

இப்போது எல்லாம் கேட்கிறது.
திரைச்சீலை இழுபடுவது,
கையுறை கழற்றும் சத்தம்,
பேசுவதற்கு முன் ஒரு பெண் விழுங்கும் எச்சில்.
கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டுவிட்டேன்.
கொமட்டுக்கு அதன் பழைய வேலை.

நேற்றிரவு வேறொருவர்.
ஊர்ப்பெயர் மறைக்கப்பட்ட ஆஸ்பத்திரி.
எங்கே வலி?
"இங்கை."
லைன் அறவில்லை.
அந்தச் சொல்லை அப்படியே தூக்கி
ஆங்கிலத்தில் வைத்தேன். ஒரு குறையுமில்லை.
உடுப்பை விலக்கும் சத்தம் கேட்டது.
ம், என்றார் டாக்டர்.
ஓம், என்றார் அவர்.
அந்த அறையில் இருந்த எல்லோரும்
ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.
எத்தனை நாளாக?